நண்பர்கள் காப்பாற்றிய பெயர்!

எங்க தூத்துக்குடியில் யாராவது "மனசு சரியில்லடா" என்றால், "வா, முத்துநகர் பீச் வரைக்கும் போயிட்டு வருவோம்" என்பார்கள். கடல்காற்று பட்டால் பாதி சரியாகிவிடும் என்று ஒரு நம்பிக்கை. சாதாரண வருத்தத்துக்கு அது போதும். ஆனால், டாக்டரும் மாத்திரையும் வேண்டும் என்கிற நிலை வந்துவிட்டால் வீட்டில் பேச்சே நின்றுவிடும். "பையன் எங்கே?" என்று கேட்டால், "வெளியூர்ல இருக்கான்" என்று மழுப்புவார்கள். கொஞ்ச நாளில் அவன் பெயரைச் சொல்வதையே நிறுத்திவிடுவார்கள்.

அப்படித் தொலைந்து போகாமல் தப்பித்த ஒரு பெயர் இருக்கிறது. கவிஞர் ஆத்மாநாம்.

இயற்பெயர் மதுசூதனன். 1951-ல் சென்னையில் பிறந்தவர். 1978-ல் நண்பர்களோடு சேர்ந்து 'ழ' என்ற கவிதைப் பத்திரிகையைத் தொடங்கினார். (ஒரே எழுத்தில் பெயர்! இன்றைக்கு யூடியூப் சேனல் ஆரம்பிப்பவர்களுக்குக்கூட அந்தத் துணிச்சல் வராது.) நம்ம மாவட்டத்துக்காரரான கோவில்பட்டி தேவதச்சனும் அதில் எழுதியவர்தான்.

பிழைப்புக்கு ரெடிமேட் துணித் தொழில் செய்தார் ஆத்மாநாம். அதில் நெருக்கடி வந்த காலத்தில்தான் மனநோயும் வந்தது. டாக்டர்கள் சொன்ன பெயர் 'அஃபெக்டிவ் டிஸார்டர்'. மனநிலை அளவுக்கு மீறி ஏறும் அல்லது பாதாளத்துக்கு இறங்கும். 'மனசைத் தேத்திக்கோ' என்று சொன்னால் நிற்கிற விஷயம் இல்லை அது.

இந்த இடத்தை அவசரமாகத் தாண்டிப் போகாதீர்கள். நோய் வந்த பிறகும் அவர் எழுதினார். 'காகிதத்தில் ஒரு கோடு' என்ற தொகுப்பு வந்தது 1981-ல். உயிரோடு இருந்தபோது வெளிவந்த ஒரே தொகுப்பு அது. 1984 ஜூலையில், 33 வயதில், தன் உயிரைத் தானே முடித்துக்கொண்டார்.

சிதறிக் கிடந்த கவிதைகளைக் கவிஞர் பிரம்மராஜன் தேடித் தொகுத்தார். 1989-ல் 'ஆத்மாநாம் கவிதைகள்' வெளிவந்தது. 2015-ல், அதாவது அவர் போய் 31 வருஷம் கழித்து, 'கவிஞர் ஆத்மாநாம் அறக்கட்டளை' உருவானது. நல்ல கவிதைத் தொகுப்புகளுக்கு அவர் பெயரிலேயே விருது கொடுக்கத் தொடங்கினார்கள்.

எனக்குப் பிடித்தது, அது கவிதைக்கான விருதாக இருப்பதுதான். 'பாவம், நோயாளி' என்று யாரும் அவரை நிறுத்தவில்லை. அதே நேரம், இதுபோன்ற மேடைகளில் நோயைப் பற்றியும் பத்து நிமிஷம் பேசினால் என்ன? கூட்டத்தில் உட்கார்ந்திருக்கும் ஓர் அம்மாவுக்கு, 'நம்ம பிள்ளைக்கு மட்டும்தான் இப்படியா' என்ற பாரம் குறையுமே!

வான்கோ கதையும் கிட்டத்தட்ட இதுதான். 1890-ல் அவர் இறந்தபின் ஓவியங்களையும் கடிதங்களையும் பொத்திப் பாதுகாத்தது தம்பி மனைவி யோஹன்னா. 1914-ல் கடிதங்களைப் புத்தகமாக்கியதும் அவர்தான். மனம் கலங்கியவருக்குப் பின்னால் இப்படி ஓர் ஆள் இருந்தால்தான் பெயர் மிஞ்சுகிறது.

ஆள் இல்லாதவர்கள்? இதே கடற்கரையில் வடக்கே போனால் ஏர்வாடி. 2001 ஆகஸ்ட் 6 அதிகாலை, அங்கே மனநோயாளிகளைத் தங்கவைத்திருந்த ஒரு கொட்டகையில் தீப்பிடித்தது. சங்கிலியில் கட்டிப்போட்டிருந்ததால் ஓட முடியாமல் 28 பேர் இறந்தார்கள். அவர்களில் ஒருவர் பெயராவது நமக்குத் தெரியுமா? பாடவோ வரையவோ தெரிந்தவர் அதில் யாரும் இருந்திருக்கலாம்.

அதன்பிறகு சட்டம் மாறியிருக்கிறது. 2017 மனநலப் பாதுகாப்புச் சட்டப்படி, நோயாளியைச் சங்கிலியால் கட்டுவது குற்றம். மருத்துவக் காப்பீட்டில் உடல்நோய்க்கு உள்ளதுபோல மனநோய்க்கும் இடம் தரவேண்டும் என்றும் அதே சட்டம் சொல்கிறது. உங்கள் பாலிசியை எடுத்து ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

தூத்துக்குடி, சுற்றுவட்டார மக்கள் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கே போகலாம். துறைமுகத்தில் நைட் ஷிப்ட் முடிந்து தூக்கம் வராமல் தவிப்பவராக இருந்தாலும் சரி, பரீட்சை பயத்தில் இருக்கும் பிள்ளையாக இருந்தாலும் சரி, 14416-ஐ அழைக்கலாம். 'டெலி மானஸ்' இலவச எண், 24 மணி நேரமும் உண்டு, தமிழிலேயே பேசலாம்.