வாத்துக் குஞ்சைக் கோழிக் குஞ்சாக வளர்க்காதீர்கள்

வாங்கி வந்து ஒரு வாரம்கூட ஆகாத வாத்துக் குஞ்சு திடீரென்று காலை விரித்துப் போட்டு உட்கார்ந்துவிடுகிறது. தீவனத் தட்டைப் பார்த்து நகர முயல்கிறது. பாதம் ஊன்றவில்லை, முட்டி போட்டுத் தவழ்கிறது. வீட்டில் இருப்பவர்கள் மருந்துக் கடைக்கு ஓடுகிறார்கள். கோழிக்குக் கொடுக்கும் ஆன்டிபயாடிக் பொடி ஒன்று கிடைக்கிறது. இரண்டு நாளில் குஞ்சு செத்துப்போனால், வாத்துக் குஞ்சு பிழைப்பதே கஷ்டம் என்று சொல்லிவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கிறார்கள்.

உண்மையில் வாத்து உறுதியான பறவை. கோழிப் பண்ணையையே காலி செய்யும் வெள்ளைக்கழிச்சல்கூட வாத்தை அவ்வளவாகச் சாய்ப்பதில்லை. அப்படிப்பட்ட பறவை குஞ்சிலேயே நோஞ்சானாகிச் சாவதற்குப் பல வீடுகளில் வளர்ப்பு முறைதான் காரணம். கோழிக் குஞ்சின் தீவனமும் மருந்தும் கூண்டும் அப்படியே வாத்துக் குஞ்சின் தலையில் கட்டப்படுகின்றன.

முதலில் கால். நியாசின் என்ற பி3 வைட்டமின் குறைந்தால் வாத்துக் குஞ்சின் கால் வளைந்து, முட்டி வீங்கி, நிற்க முடியாமல் போகும். டிரிப்டோபன் என்ற அமினோ அமிலத்திலிருந்து உடலே கொஞ்சம் நியாசினைச் செய்துகொள்ளும். இதில் கோழியின் உடலுக்கு உள்ள திறமை வாத்துக்கு இல்லை. வாத்தின் கல்லீரலில் உள்ள ஒரு நொதி அந்த அமினோ அமிலத்தை வேறு வழியில் திருப்பிவிடுகிறது. அதனால் தீவனத்திலிருந்தே அதற்குக் கூடுதலாகக் கிடைத்தாக வேண்டும். அமெரிக்க தேசிய ஆராய்ச்சிக் கவுன்சில் 1994-இல் வெளியிட்ட அட்டவணை, ஒரு கிலோ தீவனத்தில் இறைச்சிக் கோழிக் குஞ்சுக்கு 35 மில்லிகிராம் நியாசினும் வாத்துக் குஞ்சுக்கு 55 மில்லிகிராமும் வேண்டும் என்கிறது. கோழிக் குஞ்சுக்கு அளந்து கலந்த மூட்டையை நம்பி வளரும் வாத்துக் குஞ்சுக்குக் கால் மடங்குவதில் வியப்பில்லை. மக்காச்சோளத்தில் உள்ள நியாசினின் பெரும்பகுதி உடலில் சேராத வடிவில் இருக்கிறது. தீட்டிய அரிசி நொய்யில் அது குறைவு. ஆரம்பத்திலேயே கண்டு, கால்நடை மருத்துவரிடம் அளவு கேட்டு, நியாசினோ புரூவர்ஸ் ஈஸ்ட் பொடியோ சேர்த்தால் சில நாட்களிலேயே குஞ்சு எழுந்து நடப்பதைப் பார்க்கலாம். எலும்பு வளைந்து இறுகிய பிறகு கொடுத்தால் கால் நேராகாது.

ஆரணிப் பக்கத்து வாத்துக்காரர்கள் இந்த வைட்டமினின் பெயர் தெரியாமலே தலைமுறைகளாக வாத்து வளர்த்திருக்கிறார்கள். சன்னியாசி, கீரி என்று பெயர் சொல்லும் நாட்டு வாத்துகளை அறுப்பு முடிந்த வயல்களுக்கு ஓட்டிப் போகும் கிடைகளில், சிந்திய நெல்லோடு நத்தையும் புழுவும் பூச்சியும் சின்ன மீனும் சேர்ந்தே இரைப்பைக்குப் போகின்றன. வயலில் கிடைத்த அந்தக் கூட்டு உணவு, மொட்டை மாடியில் அட்டைப் பெட்டிக்குள் வளரும் குஞ்சுக்கு யாராவது போட்டால்தான் உண்டு.

சத்துக்காகக் கடலைப் புண்ணாக்கு போடலாமா என்று கேட்பவர்கள் உண்டு. நிலக்கடலையில் நியாசின் நிறையவே இருக்கிறது. ஆனால் பூஞ்சை பிடித்த புண்ணாக்கு வாத்துக் குஞ்சுக்கு எமன். 1960-இல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் கொத்துக் கொத்தாகச் செத்தன; வாத்துக் குஞ்சுகளும் ஆயிரக்கணக்கில் மடிந்தன. பிரேசிலிலிருந்து வந்த கடலைப் புண்ணாக்கில் வளர்ந்த பூஞ்சையின் நஞ்சுதான் காரணம் என்று கண்டுபிடித்தார்கள். இன்று அஃப்லாடாக்சின் என்று உலகம் அறிந்த நஞ்சு அது. வாத்துக் குஞ்சின் கல்லீரல் அந்த நஞ்சுக்கு அவ்வளவு எளிதில் பாதிக்கப்படுவதால், தானியத்தில் நஞ்சு இருக்கிறதா என்று சோதிக்க ஒரு நாள் வயதுக் குஞ்சுகளையே அந்த நாளில் ஆய்வகங்கள் பயன்படுத்தின. லேசாகப் பூசணம் வாடை அடிக்கிற புண்ணாக்கையோ தவிட்டையோ கோழி தின்றதே என்று குஞ்சுக்கு வைப்பது பெரிய ஆபத்து.

சோர்ந்து கிடக்கும் குஞ்சைக் கண்டதும் இரையைத் திணிக்கத்தான் பலருக்கும் கை போகிறது. முதலில் வேண்டியது சூடு. உடம்பு சில்லிட்ட குஞ்சுக்கு இரை செரிக்காது. முதல் வாரத்தில் சுமார் 32 டிகிரி செல்சியஸ், பிறகு வாரத்துக்கு 3 டிகிரி குறைவு என்பது பொதுக் கணக்கு. தெர்மாமீட்டர் இல்லாவிட்டாலும் குஞ்சைப் பார்த்தே தெரிந்துகொள்ளலாம். விளக்கடியில் ஒன்றன் மேல் ஒன்று ஏறிக் கத்தினால் குளிர். ஓரத்துக்கு ஒதுங்கி அலகைத் திறந்து மூச்சு வாங்கினால் சூடு அதிகம். எல்இடி விளக்கு வெளிச்சம் தருமே தவிர குஞ்சுக்குப் போதிய சூடு தராது. பழைய குண்டு பல்புதான் வேண்டும். பெட்டிக்குள் செய்தித்தாளை விரித்தால் வழுக்கும், நோஞ்சான் குஞ்சின் கால்கள் இரு பக்கமும் அகன்றுவிடும். துவைத்த சாக்குத் துணி போதும்.

அடுத்தது தண்ணீர். வாத்துதானே என்று வாளியில் நீந்த விடுகிறார்கள். தாய் வாத்தின் அடியில் ஒட்டி வளரும் குஞ்சு எளிதில் நனையாது. இன்குபேட்டரிலோ கோழியிடம் அடை வைத்தோ பொரித்த குஞ்சின் பஞ்சு சீக்கிரமே ஊறி, குளிரில் விறைத்துவிடும். அதற்காக ஆழமில்லாத தட்டில் தண்ணீர் வைப்பதும் தவறு. மூக்குத் துளை வரை அலகை முக்கி அலச முடியாவிட்டால் மூக்கு அடைத்து, கண்ணோரம் பீளை கட்டும். உடம்பு உள்ளே போகாமல் அலகு மட்டும் மூழ்கும்படி, கிண்ணத்தில் கூழாங்கல் போட்டு வைக்கலாம். கண் ஒட்டிக்கொண்டால், வெதுவெதுப்பான நீரில் நனைத்த பஞ்சைச் சற்று நேரம் அதன் மேல் வைத்து, ஊறியதும் மெல்லத் துடைக்க வேண்டும். குடிக்கத் தெம்பில்லாத குஞ்சின் வாயைத் திறந்து தண்ணீரை ஊற்றினால் அது நுரையீரலுக்குப் போய்விடும். அலகின் ஓரத்தில் ஒரு சொட்டு வைத்து, அது விழுங்கும் வரை காத்திருப்பதே சரி. உலர்ந்த மாவுத் தீவனமும் தொண்டையில் அடைக்கும், பிசைந்துதான் வைக்க வேண்டும்.

நோயாளிக் குஞ்சைத் தனி அறையில் பூட்டி வைப்பதும் அதை இளைக்க வைக்கும். பொரித்த முதல் நாளிலேயே கண்ணில் படுவதன் பின்னால் போகும் இயல்பு வாத்துக் குஞ்சுக்கு உண்டு. 1973-இல் நோபல் பரிசு பெற்ற கொன்ராட் லோரன்ஸின் புகழ்பெற்ற ஆய்வுகளுள் ஒன்று இந்த இயல்பைப் பற்றியது. துணையில்லாத குஞ்சு கத்திக் கத்தியே தெம்பிழக்கும். மற்றக் குஞ்சுகள் மிதிக்காதபடி நடுவில் ஒரு கம்பி வலை வைத்து, அவை கண்ணில் படும்படி விடலாம்.

ஆன்டிபயாடிக்கை மருத்துவர் சொன்னால் மட்டுமே தொட வேண்டும். நியாசின் இல்லாமல் மடங்கிய காலை எந்த ஆன்டிபயாடிக்கும் நிமிர்த்தாது. கொலிஸ்டின் என்ற கடைசிக்கட்ட மருந்தை உணவுக்கான கால்நடைகளுக்குக் கொடுக்க 2019-இல் இந்தியா தடை விதித்தது, கண்டபடி கொடுத்ததன் விளைவு மனிதர்கள் வரை வருவதால்தான். ஒரு குஞ்சு நோஞ்சானாக இருப்பது வேறு, ஒரே நாளில் பல குஞ்சுகள் சாவது வேறு. வாத்து பிளேக், வாத்துக் குஞ்சுகளுக்கு வரும் கல்லீரல் அழற்சி, பறவைக் காய்ச்சல் என்று எதுவாகவும் அது இருக்கலாம். 2014-இல் கேரளத்தின் ஆலப்புழையில் பறவைக் காய்ச்சல் வாத்துக் கூட்டங்களில்தான் பரவியது. இப்படி நேர்ந்தால் செத்ததைக் குளத்தில் வீசாமல், வெறுங்கையால் தொடாமல், கால்நடை மருந்தகத்துக்கோ 1962 என்ற எண்ணுக்கோ உடனே சொல்ல வேண்டும்.

இதையெல்லாம் வளர்ப்பவர் தலையில் மட்டும் சுமத்துவது நியாயமல்ல. தீவன நிறுவனங்கள் கோழிக் குஞ்சுத் தீவன மூட்டையில், வாத்துக் குஞ்சுக்குக் கூடுதல் நியாசின் தேவை என்று தமிழில் ஒரு வரி அச்சிடலாம். குஞ்சு விற்பவர்கள் இருபது நாளுக்குத் தேவையான வைட்டமின் பொட்டலத்தைக் குஞ்சோடு சேர்த்தே கொடுக்கலாம். கால்நடைத் துறையின் முகாம்களில் கோழிக்குத் தடுப்பூசி போடும் நாளில், 8 முதல் 12 வார வயது வாத்துகளுக்கான பிளேக் தடுப்பூசியும் அதே மேசையில் இருக்க வேண்டும். அறுப்புக் காலத்தில் கிடைகள் இறங்கும் ஊர்களில் முதலில் இதைத் தொடங்கலாம்.