கோட்டம் மாறினால் குறை தீருமா?

திருவனந்தபுரம்: ரயில்வே கோட்டத்தின் எல்லை எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பது நிர்வாக விவகாரம், பயணிகளுக்கு அதில் என்ன அக்கறை என்பது ரயில்வே அதிகாரிகள் வழக்கமாகக் கூறும் பதில். ஆனால், கேரளத் தலைநகரைச் சுற்றியுள்ள ரயில் பயணிகளைப் பொருத்தவரை இந்தக் கோடு பல ஆண்டுகளாக அரசியல் கோரிக்கையாகவே இருந்து வருகிறது.

திருவனந்தபுரம் கோட்டத்தின் தென்முனையில் உள்ள கன்னியாகுமரி மாவட்டப் பயணிகள், தங்கள் பகுதியை மதுரைக் கோட்டத்துடன் சேர்க்க வேண்டும் என்று கோரி வருகின்றனர். மதுரைக் கோட்டத்தின் மேற்கு முனையில் உள்ள கொல்லம்-புனலூர் பகுதிப் பயணிகளோ, தங்களைத் திருவனந்தபுரம் கோட்டத்துடன் சேர்க்க வேண்டும் என்கின்றனர். முதல் தரப்பினர் தமிழ்நாட்டில் வசித்துக்கொண்டு கேரளத்திலிருந்து நிர்வகிக்கப்படுபவர்கள். இரண்டாம் தரப்பினர் கேரளத்தில் வசித்துக்கொண்டு தமிழ்நாட்டிலிருந்து நிர்வகிக்கப்படுபவர்கள். இரு தரப்பினரின் புகாரும் ஏறத்தாழ ஒன்றே: "எங்களை மாற்றாந்தாய் மனப்பான்மையுடன் நடத்துகிறார்கள்."

ஒன்றுக்கொன்று எதிரான இவ்விரு கோரிக்கைகளும் ஒரே குறையிலிருந்து எழுகின்றன என்றால், அந்தக் குறை கோட்ட எல்லையை மாற்றுவதால் மட்டும் தீருமா என்பதே இங்கு எழும் கேள்வி.

திருவனந்தபுரம் நோக்கி வந்த தடம்: இப்பிரச்னையின் வேர் 1956-ஆம் ஆண்டின் மொழிவாரி மாநிலச் சீரமைப்பில் உள்ளது. அந்த ஆண்டு நவம்பர் 1-ஆம் தேதி, திருவிதாங்கூரின் பகுதிகளாக இருந்த தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய வட்டங்கள் அன்றைய சென்னை மாநிலத்துடன் இணைந்து கன்னியாகுமரி மாவட்டமாயின. செங்கோட்டைப் பகுதி திருநெல்வேலி மாவட்டத்துடன் சேர்ந்தது. வருவாய், காவல், கல்வித் துறைகள் புதிய எல்லைக்கேற்ப மாறின. ரயில்வே தனது எல்லைகளை மாநில எல்லைகளின்படி வகுத்துக்கொள்ளவில்லை.

திருநெல்வேலிச் சீமையையும் கொல்லத்தையும் மேற்குத் தொடர்ச்சி மலை வழியாக இணைத்த செங்கோட்டைப் பாதை 1904-இலேயே வந்துவிட்டது. ஆனால், நாகர்கோவில் மக்கள் ரயிலைக் காண 1979 ஏப்ரல் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அப்போதும் திருவனந்தபுரம்-நாகர்கோவில்-கன்னியாகுமரித் தடமே முதலில் திறக்கப்பட்டது. அதே ஆண்டு அக்டோபர் 2-ஆம் தேதி, மதுரைக் கோட்டத்திலிருந்து பிரித்துத் திருவனந்தபுரம் கோட்டம் உருவாக்கப்பட்டது. நாகர்கோவிலைத் திருநெல்வேலியுடன் இணைத்த தடம் 1981-இல்தான் பயன்பாட்டுக்கு வந்தது. அதாவது, தமிழ்நாட்டுடன் சேர்ந்து கால் நூற்றாண்டு கழிந்த பின்னரே கன்னியாகுமரி மாவட்டத்துக்குத் தமிழ்நாட்டின் பிற பகுதிகளுடன் நேரடி ரயில் தொடர்பு கிடைத்தது. அந்தத் தடமும் திருநெல்வேலியை அடுத்த மேலப்பாளையம் வரை திருவனந்தபுரம் கோட்டத்தின் கீழேயே வைக்கப்பட்டது.

இரு வகைப் பயணிகள்: கன்னியாகுமரி மாவட்டப் பயணிகளின் மனக்குறைகள் பலவகை. சென்னைக்குச் செல்லும் ரயில்களில் இடம் கிடைப்பதில்லை. கேரளத்தின் தேவைக்காக இயக்கப்படும் ரயில்கள் பராமரிப்புக்கும் நிறுத்திவைப்பதற்கும் நாகர்கோவிலைப் பயன்படுத்திக்கொள்கின்றன. அவற்றின் நேரம் திருவனந்தபுரத்துக்கு வசதியாக அமைகிறதே தவிர, தங்களுக்கு வசதியாக அமைவதில்லை என்பவை அவற்றுள் முக்கியமானவை.

கேரளத் தரப்பிலும் நியாயம் இல்லாமல் இல்லை. திருவனந்தபுரம் சென்ட்ரல் நிலையத்தில் இருப்பவை ஐந்து நடைமேடைகளே. ஒரு மாநிலத் தலைநகருக்குத் தேவையான ரயில்களை அங்கேயே நிறுத்திப் பராமரிக்க இடமில்லை. அதனால்தான் கொச்சுவேளியையும் நாகர்கோவிலையும் நம்ப வேண்டியுள்ளது. நேமத்தில் முனையம் அமைக்க 2019-இல் அடிக்கல் நாட்டப்பட்டும் பணிகள் ஆண்டுக்கணக்கில் இழுத்தடிக்கப்பட்டன. நேமம் உரிய காலத்தில் எழுந்திருந்தால் நாகர்கோவில் மீதான சுமையும் அதனால் எழும் கசப்பும் பெருமளவு குறைந்திருக்கும்.

இங்கே பலரும் கவனிக்கத் தவறும் ஓர் உண்மை உண்டு. கன்னியாகுமரி மாவட்டத்தில் இரு வகைப் பயணிகள் உள்ளனர். சென்னை, மதுரை, கோவை நோக்கிச் செல்லும் தொலைதூரப் பயணிகள் ஒரு வகை. வேலைக்காகவும் படிப்புக்காகவும் மருத்துவத்துக்காகவும் திருவனந்தபுரம் சென்று அன்றே வீடு திரும்புவோர் மற்றொரு வகை. திருவனந்தபுரம் மண்டலப் புற்றுநோய் மையத்துக்கும், ஸ்ரீசித்திரைத் திருநாள் மருத்துவ நிறுவனத்துக்கும் எல்லை கடந்து செல்லும் நோயாளிகள் இந்த இரண்டாம் வகையினர். நாகர்கோவிலிலிருந்து திருவனந்தபுரம் சுமார் 70 கி.மீ.; மதுரையோ ரயில் வழியில் 200 கி.மீ.க்கும் அதிகம்.

முதல் வகையினருக்கு மதுரைக் கோட்டம் கவர்ச்சிகரமானது. தொலைதூர ரயில்கள் தமிழ்நாட்டுத் திசையை நோக்கித் திட்டமிடப்படும் என்பது அவர்களது நம்பிக்கை. இரண்டாம் வகையினருக்கோ அதில் ஆபத்தும் அடங்கியுள்ளது. கோட்ட எல்லை மாநில எல்லையை ஒட்டிப் பாறசாலைக்கு நகர்ந்துவிட்டால், காலையிலும் மாலையிலும் இரு கோட்டங்களைக் கடந்து ஓடும் சாதாரணப் பயணிகள் ரயிலுக்கு யார் பொறுப்பு? தாமதத்துக்கு இவர் அவரையும் அவர் இவரையும் கை காட்டும் நிலை வராது என்பதற்கு என்ன உத்தரவாதம்?

புனலூர் காட்டும் பாடம்: இந்த அச்சம் கற்பனையன்று என்பதற்குப் புனலூரே சாட்சி. கொல்லம்-புனலூர் 45 கி.மீ. தடம் கேரளத்துக்குள் இருந்தாலும் மதுரைக் கோட்டத்தைச் சேர்ந்தது. அங்குள்ள பயணிகளில் பெரும்பாலோருக்கு வேண்டியது கொல்லத்துக்கும் திருவனந்தபுரத்துக்கும் செல்லும் ரயில். அதற்காக அவர்கள் மனுப்போட வேண்டிய கோட்ட அலுவலகமோ மலைக்கு அப்பால் மதுரையில் உள்ளது. கொல்லம்-புனலூர் அகலப் பாதை 2010-இல் முடிந்தும், செங்கோட்டை வரையிலான மலைப் பகுதி முடிய 2018 ஆயிற்று.

எந்த மொழி பேசும் அதிகாரிகள் கோட்டத்தை நடத்துகிறார்கள் என்பதே குறைகளுக்குக் காரணம் என்றால், தமிழ்நாட்டுக் கோட்டத்தின் கீழ் மலையாளிகளும், கேரளக் கோட்டத்தின் கீழ் தமிழர்களும் மட்டுமே துன்பப்பட வேண்டும். உண்மை அதுவன்று. கோட்டத்தின் கவனம் இயல்பாகவே அதன் தலைமையகத்தையும் வருவாய் மிகுந்த நிலையங்களையும் சுற்றியே இருக்கிறது. கடைக்கோடியில் இருப்பவர்கள் எந்த மொழியினராயினும் கடைக்கோடியினரே.

சேலம் அனுபவம்: கோட்டம் கைமாறியபோது நடந்தது என்ன என்பதற்கு அண்மைக்கால உதாரணம் சேலம். பாலக்காடு, திருச்சி கோட்டங்களின் பகுதிகளைப் பிரித்து 2007 நவம்பர் 1-ஆம் தேதி சேலம் கோட்டம் தொடங்கப்பட்டது. கோவை, திருப்பூர், ஈரோடு, சேலம் என வருவாய் மிகுந்த நிலையங்கள் பாலக்காட்டின் கையைவிட்டுப் போயின. தமிழ்நாட்டில் இது நீண்ட காலக் கோரிக்கையின் வெற்றியாகக் கொண்டாடப்பட்டது. கேரளத்தில் கட்சி வேறுபாடின்றி எதிர்ப்பு எழுந்தது.

கேரளத்தின் அதிருப்திக்கிடையே 2008-09 ரயில்வே நிதிநிலை அறிக்கையில் பாலக்காட்டுக்கு ரயில் பெட்டித் தொழிற்சாலை அறிவிக்கப்பட்டது. 2012-இல் கஞ்சிக்கோட்டில் அடிக்கல்லும் நாட்டப்பட்டது. தொழிற்சாலை மட்டும் வரவேயில்லை. இழப்பு உடனடியானது, ஈடு வெறும் வாக்குறுதி என்ற இந்தக் கசப்பான நினைவே, திருவனந்தபுரம் கோட்டத்தின் எல்லையில் கை வைக்கும் பேச்சு எழும்போதெல்லாம் கேரளத்தை உரக்க எதிர்க்கச் செய்கிறது. கன்னியாகுமரியின் கோரிக்கையை முன்வைக்கும் தமிழ்நாட்டு அரசியல் கட்சிகள் இந்தப் பின்னணியைப் புரிந்துகொள்வது அவசியம்.

அதிகாரம் எங்கே?: இதைவிட முக்கியமானது, ஒரு கோட்டத்துக்கு உள்ள அதிகாரம் எவ்வளவு என்பது. தடம், நிலையம், சமிக்ஞை, ஊழியர், அன்றாட இயக்கம் ஆகியவை கோட்ட மேலாளரின் பொறுப்பு. புதிய தொலைதூர ரயில், கட்டணம், சலுகை, பெரும் திட்டங்களுக்கான நிதி ஆகியவை அவர் கையில் இல்லை. அவை சென்னையில் உள்ள தெற்கு ரயில்வே தலைமையகத்தையும், இறுதியாகத் தில்லியில் உள்ள ரயில்வே வாரியத்தையும் சார்ந்தவை. திருவனந்தபுரம், மதுரை ஆகிய இரு கோட்டங்களும் ஒரே தெற்கு ரயில்வேயின் கீழ்தான் உள்ளன என்பது குறிப்பிடத்தக்கது.

அண்மைக் காலத்தில் எளிய பயணியை மிகவும் பாதித்த முடிவுகளை எண்ணிப் பார்த்தால் இது விளங்கும். கொரோனா காலத்தில் நிறுத்தப்பட்ட சாதாரணப் பயணிகள் ரயில்கள், விரைவு ரயில் கட்டணத்துடன் திரும்பின. குறைந்தபட்சக் கட்டணம் ரூ. 10-லிருந்து ரூ. 30 ஆயிற்று. அது மீண்டும் ரூ. 10 ஆக 2024 பிப்ரவரி வரை காத்திருக்க வேண்டியிருந்தது. மூத்த குடிமக்களுக்கான கட்டணச் சலுகை 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்டது. இவை எவற்றிலும் மதுரைக் கோட்டத்துப் பயணிக்கும் திருவனந்தபுரம் கோட்டத்துப் பயணிக்கும் வேறுபாடு காட்டப்படவில்லை.

அதற்காகக் கோட்ட எல்லை பொருளற்றது என்று கூறிவிட முடியாது. எந்தப் பணிக்கு முன்னுரிமை, எந்த நிலையத்துக்குப் பராமரிப்பு வசதி, எந்த ரயிலுக்குப் பரிந்துரை என்பவை கோட்டத்தில்தான் தொடங்குகின்றன. நாகர்கோவில்-திருநெல்வேலி இரட்டைப் பாதை 2024-இல் முடிந்தபோதும், நாகர்கோவில்-திருவனந்தபுரம் பகுதி நிலம் கையகப்படுத்தும் சிக்கல்களால் பின்தங்கியதைப் பயணிகள் கண்டனர். பரிந்துரைக்கும் இடத்தில் தங்கள் குரல் ஒலிக்க வேண்டும் என்று கன்னியாகுமரி மக்கள் விரும்புவதில் தவறில்லை.

பெயர்ப் பலகை போதாது: நிர்வாகம் கைமாறினால் சேவை மாறும் என்ற எதிர்பார்ப்பு நமக்கு மட்டும் உரியதன்று. பிரிட்டனில் 1990-களில் தனியாரிடம் அளிக்கப்பட்ட பயணிகள் ரயில் சேவைகளை, 2024-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அரசு மீண்டும் எடுத்துக்கொண்டு வருகிறது. அவ்வாறு 2025 மே 25-ஆம் தேதி முதலில் அரசு வசமானது சவுத் வெஸ்டர்ன் ரயில்வே. தடப் பணிகள் காரணமாக, அன்றைய முதல் ரயிலின் பயணிகள் வழியில் இறங்கிப் பேருந்தில் பயணத்தைத் தொடர நேர்ந்தது. உரிமையாளர் மாறிய அன்றே தடமும் பெட்டியும் மாறிவிடுவதில்லை என்பதை உணர்த்த வேறு சான்று தேவையில்லை.

இந்தியாவிலும் 109 வழித்தடங்களில் 151 தனியார் ரயில்களை இயக்கும் திட்டம் 2020-இல் அறிவிக்கப்பட்டு, முதலீட்டாளர்களின் ஆர்வமின்மையால் அடுத்த ஆண்டே முடங்கியது. அதற்கு முன்னோடியாக 2019-இல் லக்னௌ-தில்லி இடையே ஐ.ஆர்.சி.டி.சி. தொடங்கிய தேஜஸ் ரயிலில் கவனிக்கத்தக்க ஓர் அம்சம் இருந்தது. ஒரு மணி நேரத்துக்கு மேல் தாமதமானால் ரூ. 100, இரண்டு மணி நேரத்துக்கு மேல் ரூ. 250 என இழப்பீடு அறிவிக்கப்பட்டது. 2021-இல் வேறொரு வழக்கில், தாமதத்துக்குத் தகுந்த காரணம் காட்டாவிட்டால் ரயில்வே இழப்பீடு தர வேண்டும் என்று உச்ச நீதிமன்றமும் தீர்ப்பளித்தது. இயக்குபவர் யார் என்பதைவிட, அவர் பயணிக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டவரா என்பதே முக்கியம் என்பதை இவை காட்டுகின்றன.

செய்ய வேண்டியது என்ன?: அத்தகைய பொறுப்பு இன்று கோட்ட அளவில் இல்லை. பயணிகள் ஆலோசனைக் குழுக்கள் இருந்தாலும் அவை ஆலோசனை கூறலாமே தவிர, அதை ஏற்கச் செய்ய முடியாது. ரயில்வேக்குத் தனி நிதிநிலை அறிக்கை இருந்தவரை ஆண்டுக்கொரு முறையாவது இப்பிரச்னைகள் நாடாளுமன்றத்தில் விரிவாக எதிரொலித்தன. 2017-இல் அது பொது நிதிநிலை அறிக்கையுடன் இணைக்கப்பட்ட பின், அந்த வாய்ப்பும் சுருங்கிவிட்டது.

கன்னியாகுமரியை மதுரைக்கும் புனலூரைத் திருவனந்தபுரத்துக்கும் மாற்றுவது குறித்து ரயில்வே வாரியம் முடிவெடுக்கட்டும். இரண்டையும் சேர்த்தே பரிசீலித்தால், ஒரு மாநிலம் வென்றது, மற்றது தோற்றது என்ற பேச்சுக்கும் இடமிருக்காது. ஆனால், எல்லை எங்கே அமைந்தாலும், அதைக் கடந்து ஓடும் உள்ளூர் ரயில்களின் நேரத்தை இரு கோட்டங்களும் கூடி வகுக்க வேண்டும். அக்கூட்டத்தில் இரு மாநிலப் பயணிகளும் இடம்பெற வேண்டும். பகுதிவாரியாகத் தாமத விவரங்களை வெளியிட வேண்டும். நிராகரிக்கப்படும் ஒவ்வொரு கோரிக்கைக்கும் எழுத்து மூலம் காரணம் கூற வேண்டும்.

இவை இல்லாமல் கோட்டத்தை மட்டும் மாற்றினால், திருவனந்தபுரத்தின் கடைக்கோடியாக இருந்த நாகர்கோவில் மதுரையின் கடைக்கோடியாகும். மதுரையின் கடைக்கோடியாக இருந்த புனலூர் திருவனந்தபுரத்தின் கடைக்கோடியாகும். மனுவில் எழுத வேண்டிய முகவரி மாறும். மனுவுக்குப் பதில் வருமா என்பதை ரயில்வே வாரியம்தான் சொல்ல வேண்டும்.