முதல்ல காசு... கடைசியில வாட்ச்!

கடைக்கு வராத பொருளுக்கு, ஏன், இன்னும் செஞ்சே முடிக்காத பொருளுக்குக் காசு கொடுப்பீங்களா? லட்சக்கணக்கான பேர் கொடுத்திருக்காங்க. அதுக்குப் பேர் கிரவுட் ஃபண்டிங். கையில ஐடியா இருக்கு, காசு இல்லை. நெட்ல ஒரு வீடியோ போட்டா, பிடிச்சவங்க ஆளுக்குக் கொஞ்சம் பணம் கட்டுவாங்க. கேட்ட தொகை சேர்ந்ததும் பொருளைச் செஞ்சு அனுப்பணும். மேட்டர் சிம்பிள்!

ஆனா பணம் கட்டுறவர் மனசுல ரெண்டு நம்பிக்கை ஓடும். ஒண்ணு, ஊருக்கு முன்னாடி என் கைக்கு வரும். ரெண்டு, கடை விலையை விட எனக்கு மலிவு. அது என்னாச்சுன்னு பார்ப்போமா?

முதல்ல பெபிள் வாட்ச். கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகத்துல இன்ஜினீயரிங் படிக்கும்போதே ஸ்மார்ட் வாட்ச் வேலையை ஆரம்பிச்சவர் எரிக் மிகிகோவ்ஸ்கி. 2012 ஏப்ரல்ல 'கிக்ஸ்டார்ட்டர்' தளத்துல 1 லட்சம் டாலர் கேட்டார். ரெண்டே மணி நேரத்துல சேர்ந்துடுச்சு! கடைசியில 68,929 பேர் சேர்ந்து கொடுத்தது 1 கோடியே 2 லட்சம் டாலருக்கும் மேல. செம ஹிட்!

வம்பும் அங்கேதான் ஆரம்பம். ஆயிரம் வாட்ச் செய்யப் போட்ட பிளான், எழுபதாயிரத்துக்கு எப்படிப் பத்தும்? அச்சு, உதிரிபாகம், அசெம்ப்ளி லைன்னு எல்லாமே மாறணும். நடுவுல தண்ணி புகாத பாடி, ப்ளூடூத் 4.0-ன்னு புது வசதிகளும் சேர்ந்துச்சு. 2012 செப்டம்பர்னு சொன்ன வாட்ச், 2013 ஜனவரியிலதான் கிளம்பவே ஆரம்பிச்சுது. அதே வருஷம் ஜூலையில அமெரிக்காவோட 'பெஸ்ட் பை' கடையில 150 டாலருக்கு விற்பனை. அப்போ கலர் வாட்ச் கேட்டுப் பணம் கட்டின சிலர் இன்னும் காத்துட்டு இருந்தாங்க! கட்டினது 115 டாலர். ஆக, மலிவு கிடைச்சுது. 'நான்தான் ஃபர்ஸ்ட்' கிடைக்கலை.

அடுத்து ஓயா கேம் மெஷின். 2012-ல 63,416 பேர் கொடுத்தது சுமார் 86 லட்சம் டாலர். 2013 ஜூன்ல 99 டாலருக்குக் கடைக்கு வந்துச்சு. முன்னாடியே பணம் கட்டினவங்க கொடுத்ததும் கிட்டத்தட்ட அதே விலைதான். அவங்கள்ல சிலருக்கு அன்னிக்குக் கூட பார்சல் போய்ச் சேரலை. ரெண்டு நம்பிக்கையும் அவுட்!

இன்னும் மோசம், கூலஸ்ட் கூலர். மிக்ஸி, ஸ்பீக்கர், சார்ஜர் எல்லாம் வெச்ச ஐஸ் பெட்டி. 2014-ல 62,642 பேர்கிட்ட 1 கோடியே 32 லட்சம் டாலருக்கு மேல வசூல். பலர் கட்டினது 185 டாலர். அந்தக் காசுல பெட்டி செஞ்சு கட்டுபடியாகலை. அதனால கம்பெனி என்ன பண்ணுச்சு? பணம் கட்டினவங்க காத்திருக்க, ரெண்டு மடங்குக்கு மேல விலை வெச்சு அமேசான்ல வித்துச்சு. 'அதுல வர்ற காசுலதான் உங்க பெட்டியைச் செய்யணும்'னு விளக்கம் வேற! 2019-ல கம்பெனியே மூடிடுச்சு. ஆயிரக்கணக்கான பேருக்குப் பெட்டி வரவே இல்லை.

எல்லாமே சோகக் கதையான்னு கேட்கறீங்களா? இல்லை பாஸ். ஆகுலஸ் ரிஃப்ட்டை எடுத்துக்கங்க. 2012-ல 9,522 பேர் காசு போட்டாங்க. 2014-ல ஃபேஸ்புக் அந்தக் கம்பெனியை 200 கோடி டாலருக்கு வாங்குச்சு. 'எங்க காசுல வளர்ந்துட்டு எங்களுக்கு ஒண்ணும் இல்லையா'ன்னு பலர் கொதிச்சாங்க. ஆனா 2016-ல 599 டாலர் விலையில கடைக்கு வந்தப்போ, அன்னிக்கு டெவலப்மென்ட் கிட்டுக்குப் பணம் கட்டினவங்களுக்கு அதை இலவசமாவே கொடுத்தாங்க. மரியாதைன்னா இது!

இதுல நமக்கு என்ன பாடம்? பணம் கட்டுறவர் கஸ்டமரும் இல்லை, பங்குதாரரும் இல்லை. 'நாங்க கடை இல்லை'ன்னு கிக்ஸ்டார்ட்டரே 2012 செப்டம்பர்ல அறிவிச்சுது. வெறும் கம்ப்யூட்டர் படம் செல்லாது, மாதிரியைக் காட்டணும், என்னென்ன ரிஸ்க்னு எழுதணும்னு ரூல் போட்டுச்சு. பெபிள்ல மிச்சமான அந்த 35 டாலர் தள்ளுபடி இல்லைங்க. ரிஸ்க் எடுத்ததுக்கும் காத்திருந்ததுக்கும் கூலி! அதனால காசு போடறதுக்கு முன்னாடி பாருங்க: ஓடுற மாதிரி இருக்கா, விலை நம்புற மாதிரி இருக்கா, நடுவுல வசதிகளை அடுக்கிட்டே போறாங்களா? முக்கியமா, போனா போகட்டும்னு விடக்கூடிய காசா?

நாளைக்கு நீங்களே ஒரு சர்க்யூட்டைத் தூக்கிட்டு நிதி கேட்டுப் போகலாம். அப்போ கணக்கை ஃபேக்டரியில கேட்டுட்டு விலை சொல்லுங்க. லேட்டானா மறைக்காதீங்க. முதல் பெட்டி, முதல்ல நம்பினவருக்கே போகட்டும்.

பெபிள் என்னாச்சுன்னா, 2016 டிசம்பர்ல கடையைக் கட்டிடுச்சு. ஃபிட்பிட் அதோட சொத்துகளை வாங்கிக்கிச்சு. அனுப்பாத வாட்சுக்கெல்லாம் பணம் திரும்பி வந்துச்சு. 2025-ல மிகிகோவ்ஸ்கி மறுபடி வாட்சோட வந்தார். இந்த முறை கிக்ஸ்டார்ட்டர் பக்கமே போகலை. சொந்தத் தளத்துல நேரடி முன்பதிவுதான்!