பழைய கடிகாரம், புது டயல்

பழைய எச்.எம்.டி. கைக்கடிகாரங்களுக்கு இப்போது மவுசு ஏறியிருக்கிறது. ஜப்பானின் சிட்டிஸன் கம்பெனியின் ஒத்துழைப்புடன் 1961-ல் பெங்களூரில் தொடங்கியது அவற்றின் கதை. 2016-ல் மத்திய அரசு அந்த வாட்ச் கம்பெனியை மூட முடிவு செய்தது. அருமை கூடியதும் பித்தலாட்டமும் கூடவே வந்துவிட்டது.

சந்தையில் பளபளக்கும் 'ஜனதா'வைக் கண்டு மயங்குகிறவர்கள் ஏராளம். 50 வருஷம் உழைத்த கடிகாரத்துக்குப் புது மாப்பிள்ளைக் களை எங்கிருந்து வந்தது? பெயின்ட் டப்பாவிலிருந்துதான்! டயலில் எழுத்துக்கள் தடித்து, நிமிஷக் கோடுகள் கோணியிருந்தால் அது மறுபூச்சு. பின்மூடியையும் திறந்து காட்டச் சொல்ல வேண்டும். ஜனதா, 17 கல் வைத்த, சாவி கொடுக்கும் கடிகாரம். உள்ளே வேறு கம்பெனியின் முத்திரை இருந்தால் பேரமே வேண்டாம்.

பழுது பார்ப்பது குற்றமல்ல. மறைத்து விற்பதுதான் மோசடி. 'டயல் புதிதாகப் பூசியது' என்று வியாபாரி ரசீதிலேயே எழுதிக் கொடுக்கட்டும். வாங்குகிறவருக்கும் இதில் பங்குண்டு. ஒவ்வொரு மறுபூச்சுக்கும் ஓர் அசல் டயல் சுரண்டப்படுகிறது. சுரண்டியது திரும்பி வராது. மினுக்கைக் கேட்பதை வாங்குகிறவர் விட்டால், மங்கிய டயல்களாவது பிழைக்கும்.