இடுப்பு கொடுக்கும் கடன்

அறந்தாங்கிப் பக்கம் மோட்டார் சைக்கிளில் விழுந்து கால் முறிந்தது. மாதங்களாகியும் எலும்பு கூடவில்லை. "இடுப்பிலிருந்து எலும்பு எடுத்து வைக்கவேண்டும்" என்கிறார் டாக்டர். "ஐயோ, அப்புறம் நடக்க முடியுமா?" என்று வீடே கலங்கும் அல்லவா?

கலங்காதீர்கள், சகோதரிகளே! நாம் புடவையைச் செருகும் இடத்தில் கையை வைத்துப் பாருங்கள். அங்கே தட்டுப்படும் விளிம்பிலிருந்துதான் எடுக்கிறார்கள். இடுப்பு மூட்டைத் தொடுவதில்லை. உள்ளே பஞ்சுபோன்ற எலும்பும் உயிரணுக்களும் நிறைய உண்டு. சொந்தச் சரீரத்துப் பொருளானதால் உடல் அதைத் தள்ளாது.

விளிம்பின் முன்முனையருகே தொடைக்கு உணர்ச்சி தரும் நரம்பு ஓடுகிறது. அது அடிபட்டால் தொடையின் வெளிப்புறம் மரத்துப்போகும். ஆகவே சற்றுப் பின்தள்ளிக் கீறுவார்கள். மேலெலும்பை மூடிபோல் திறந்து, உள்ளிருப்பதை வழித்தெடுத்து, திரும்ப மூடிவிடுவதும் உண்டு.

ஒன்றை மறைக்கக்கூடாது: காலைவிட இடுப்பே சில காலம் அதிகம் வலிக்கலாம். எந்தப் பக்கம் எடுப்பார்கள், எப்போது ஊன்றி நடக்கலாம் என்று முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். விசாரிக்க 2017 முதல் புதுக்கோட்டையிலேயே அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது.

இன்னொன்று: வீட்டுக்காரர் பீடி, சிகரெட் பிடிப்பவரானால் அதை நிறுத்தச் செய்யுங்கள். புகை, எலும்பு கூடுவதைக் கெடுக்கும். இடுப்பு கொடுத்த கடன் வீணாகலாமா?