பிள்ளை சாப்பிட மாட்டேன் என்கிறதா?

காலை 8 மணி. கிண்ணத்தில் இட்லி. அதன் மேல் பருப்பும் நெய்யும். எதிரே ஒன்றரை வயதுப் பிள்ளை. வாயை இறுக மூடிக் கொண்டிருக்கிறது.

"ஒரே ஒரு வாய்தான் கண்ணு. ஆ காட்டு" என்கிறாள் தாய்.

பிள்ளை தலையைத் திருப்பிக் கொள்கிறது. காக்காய் வருகிறது. பூனை வருகிறது. பூச்சாண்டி வருகிறான். செல்போனில் பாட்டும் வருகிறது. இட்லி மட்டும் உள்ளே போகவில்லை.

9 மணிக்குத் தாய் பொறுமை இழந்து விடுகிறாள். பிள்ளையை மடியில் கிடத்துகிறாள். மூக்கைப் பிடிக்கிறாள். வாய் திறந்ததும் திணிக்கிறாள். பிள்ளை வீறிட்டு அழுகிறது. தின்றது எல்லாம் வாந்தியாக வெளியே வருகிறது. பிறகு தாயும் அழுகிறாள்.

இது நடக்காத தெரு இல்லை. ஓட்டு வீட்டிலும் நடக்கிறது. மாடி வீட்டிலும் நடக்கிறது.

அந்தத் தாயைக் குறை சொல்லிப் பயன் இல்லை. அவள் பயந்து போயிருக்கிறாள். முதல் நாள் மாலைதான் ஊரிலிருந்து பெரியம்மா வந்திருந்தாள். "என்னடி, பிள்ளை இப்படி நோஞ்சானா இருக்கு? நீ சோறு போடுறியா, இல்லையா?" என்று கேட்டாள். காப்பியைக் குடித்தாள். போய் விட்டாள். அவள் சொன்ன சொல் மட்டும் வீட்டை விட்டுப் போகவில்லை.

பிள்ளை ஒல்லியாக இருந்தால் தாய் மீதுதான் பழி. தகப்பனும் ஒல்லிதான் என்பது யார் கண்ணுக்கும் தெரிவதில்லை!

கண் பட்டதா?

"ஒரு வயது வரை நன்றாகத்தான் சாப்பிட்டது. அதன் பிறகு யார் கண் பட்டதோ!" என்று பல வீடுகளில் சொல்வார்கள். மிளகாயும் உப்பும் சுற்றிப் போடுவார்கள்.

யார் கண்ணும் படவில்லை. கணக்கைப் பார்த்தால் விளங்கும். 3 கிலோ எடையில் பிறக்கும் பிள்ளை ஒரு வயதில் ஏறக்குறைய 9 கிலோ ஆகிறது. ஓர் ஆண்டில் 6 கிலோ ஏறி விட்டது. அடுத்த ஆண்டில் ஏறுவது சுமார் 2 அல்லது 2½ கிலோதான். அதற்குப் பிறகு ஆண்டுக்கு 2 கிலோ அளவில் ஏறும். வளரும் வேகம் குறைந்தால் பசியும் குறையத்தானே செய்யும்? நடக்கப் பழகிய பிள்ளைக்கு விளையாட்டில் புத்தி போகிறது. ஓடுகிறது, ஏறுகிறது, குதிக்கிறது. உடம்பு நீளுகிறது. கொழுகொழு கன்னம் வற்றுகிறது. பார்ப்பவர்கள் "இளைத்து விட்டது" என்கிறார்கள்.

வயிறும் சின்ன வயிறு. 10 கிலோ எடையுள்ள பிள்ளைக்கு ஒரு வேளைக்குக் கொள்வது சுமார் 300 மில்லி. ஒரு பெரிய டம்ளர் அளவு. பெரியவர் தட்டைப் பார்த்துப் பிள்ளைக்கு அளவு வைக்கக் கூடாது.

கிளாரா டேவிஸ் செய்த சோதனை

அமெரிக்காவில் கிளாரா டேவிஸ் என்ற பெண் டாக்டர் இருந்தார். 1920-களிலும் 1930-களிலும் ஒரு சோதனை நடத்தினார். தாய்ப்பால் மறக்கும் வயதில் இருந்த 15 குழந்தைகளைத் தம் கண்காணிப்பில் வைத்துக் கொண்டார். பால், முட்டை, இறைச்சி, தானியம், காய், பழம் என்று பல வகை ஆகாரங்களைத் தட்டில் வைத்தார். "குழந்தை எதைத் தொடுகிறதோ அதைக் கொடு. சாப்பிடு என்று சொல்லாதே. வேண்டாம் என்றும் சொல்லாதே" என்பது நர்சுகளுக்கு அவர் இட்ட உத்தரவு.

குழந்தைகள் என்ன செய்தன? ஒரு நாள் முட்டையாகத் தின்றன. இன்னொரு நாள் பழமாகத் தின்றன. ஒரு வேளை நிறைய, மறு வேளை கொஞ்சம். பார்க்கக் கோமாளித்தனமாக இருந்தது. ஆனால் எல்லாக் குழந்தைகளும் நன்றாக வளர்ந்தன. எலும்பு வளையும் நோயோடு வந்த குழந்தை ஒன்று, பக்கத்தில் வைத்த மீன் எண்ணெயைத் தானாகவே குடித்தது. நோய் தீர்ந்தது. பிறகு குடிப்பதை விட்டு விட்டது.

இதில் ஒரு சூட்சுமம் உண்டு. அந்தத் தட்டில் சர்க்கரை இல்லை. மிட்டாய் இல்லை. பிஸ்கட் இல்லை. எதை எடுத்தாலும் நல்ல ஆகாரம். தட்டில் என்ன வைப்பது என்பதைப் பெரியவர்கள் முடிவு செய்தார்கள். எவ்வளவு தின்பது என்பதைக் குழந்தை முடிவு செய்தது.

தமிழ்நாட்டு வீடுகளில் பல நேரம் இது தலைகீழாக நடக்கிறது. எவ்வளவு தின்பது என்பதைத் தாய் சொல்கிறாள். என்ன தின்பது என்பதைப் பிள்ளை சொல்கிறது. காலையில் அடம் பிடித்த பிள்ளைக்கு 10 மணிக்குப் பிஸ்கட். 11 மணிக்கு ஒரு பாட்டில் பால். தாத்தாவோடு கடைக்குப் போனால் ஒரு பொட்டலம் வறுவல். மதியம் சோற்றைக் கண்டால் பசி எங்கிருந்து வரும்?

பால் நல்லதுதான். ஆனால் ஒரு வயதுக்கு மேல் நாளுக்கு அரை லிட்டருக்கு மேல் போனால் அதுவே வயிற்றை அடைத்துக் கொள்ளும். பாலில் இரும்புச் சத்து மிகக் குறைவு. பாலையே குடித்து வளரும் பிள்ளை வெளுத்துப் போகும். இரத்தம் குறைந்தால் பசி இன்னும் மந்தமாகும். பலசாலிப் பையன் படம் போட்ட மாவு டப்பாவை வாங்குவதற்கு முன், அதில் எவ்வளவு சர்க்கரை என்று பின் பக்கத்தில் பார்ப்பது நல்லது. அந்தக் காசுக்கு முட்டை எத்தனை வரும் என்றும் கணக்குப் போடலாம்.

விருந்தாளி இலை மேல் கையை மறித்து "போதும்" என்றால் யாராவது அவர் வாயில் திணிப்பார்களா? பிள்ளை தலையைத் திருப்பிக் கொள்வதும் அதே "போதும்"தான். அழும் பிள்ளையின் வாயில் ஊட்டுவது ஆபத்து. சோறு மூச்சுக் குழாயில் போய் விடலாம். அது நடக்காவிட்டாலும், கிண்ணத்தைக் கண்டாலே பிள்ளை நடுங்கும்.

தட்டு பேசாது, தராசு பேசும்

"சும்மா விட்டால் பிள்ளை செத்தல் ஆகி விடாதா?" என்று தாய் கேட்பது நியாயம். அதற்குப் பதில் சொல்ல வேண்டியது பெரியம்மா அல்ல. தராசு.

1980-ல் தமிழ்நாட்டில் உலக வங்கி உதவியோடு ஓர் ஊட்டச் சத்துத் திட்டம் தொடங்கியது. கிராமங்களில் 3 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளை மாதந்தோறும் நிறுத்தார்கள். பிள்ளை ஒல்லியா, குண்டா என்பதோடு நிற்கவில்லை. போன மாதத்தை விட எடை ஏறியதா என்றும் பார்த்தார்கள். ஏறாத பிள்ளைக்குச் சத்து உருண்டை கொடுத்தார்கள். எடை ஏறத் தொடங்கியதும் நிறுத்தினார்கள். அருமையான யோசனை அது. இன்றும் அங்கன்வாடியில் இலவசமாக எடை பார்க்கிறார்கள். குழந்தையின் எடையைக் கோடாக வரையும் அட்டையும் உண்டு.

இரண்டு பிள்ளைகளை எடுத்துக் கொள்ளலாம். ஒன்று ஒல்லி. ஆனால் மாதம் 150, 200 கிராம் ஏறிக் கொண்டே வருகிறது. ஓடி ஆடி விளையாடுகிறது. இன்னொன்றுக்குக் கன்னம் உப்பலாக இருக்கிறது. 3 மாதமாக எடை அசையவில்லை. வீட்டார் கவலைப்படுவது முதல் பிள்ளைக்காக. டாக்டரிடம் தூக்கிக் கொண்டு ஓட வேண்டியது இரண்டாவது பிள்ளையை!

எடை 2 மாதமாக ஏறவில்லை அல்லது இறங்குகிறது என்றால் தாமதம் கூடாது. அடிக்கடி பேதி, வாந்தி, விடாத இருமல், நாள்பட்ட காய்ச்சல், விழுங்கும்போது புரையேறுதல், கால் வீக்கம், உள்ளங்கை வெளுப்பு இருந்தாலும் அப்படியே. 6 மாதம் முதல் 5 வயது வரையுள்ள பிள்ளையின் மேல் கைச் சுற்றளவு 11½ சென்டிமீட்டருக்குக் கீழே இருந்தால் அது கடுமையான ஊட்டக் குறைவு. அடமா, நோயா என்பதை டாக்டர்தான் சொல்ல வேண்டும்.

தட்டில் சோறே குறைவாக உள்ள வீட்டின் கதை வேறு. அங்கே பிள்ளை அடம் பிடிப்பதில்லை. பசித்துக் கிடக்கிறது. அந்த வீட்டுக்கு அறிவுரை போதாது, ஆகாரம் வேண்டும். அங்கன்வாடியில் கொடுக்கும் சத்துமாவு பிள்ளைக்கு உரியது. சில வீடுகளில் அது ஆட்டுக்கும் கோழிக்கும் போவது மகா பாவம்.

எப்படிக் கொடுப்பது?

மூன்று வேளைச் சாப்பாடு. நடுவே இரண்டு முறை சிறு தீனி. மற்ற நேரத்தில் தண்ணீர். தாய்ப்பால் குடிக்கும் பிள்ளைக்கு 2 வயது வரை அதையும் கொடுக்கலாம். கஞ்சி தண்ணீராக இருந்தால் வயிறு நிறையும், உடம்பு தேறாது. கெட்டியாக இருக்கட்டும். சோற்றில் ஒரு சிறு கரண்டி நல்லெண்ணெய் அல்லது நெய் விட்டால் அளவு கூடாமலே பலம் கூடும். முட்டை, மசித்த சுண்டல், வேர்க்கடலைப் பொடி, கேழ்வரகுக் களி, வாழைப்பழம் எல்லாம் நல்லவை. முழு வேர்க்கடலையைச் சின்னப் பிள்ளை கையில் கொடுக்கக் கூடாது. தொண்டையில் அடைத்து விடும்.

புதிய காய் ஒன்றைத் துப்பினால் "இதற்குப் பிடிக்காது" என்று முத்திரை குத்தி விடுகிறார்கள். பத்துப் பதினைந்து முறை கண்ணில் பட்ட பிறகே சில பிள்ளைகள் அதை வாயில் வைக்கும். கொஞ்சமாக வைத்துப் பேசாமல் இருக்க வேண்டும். அரை மணி ஆனால் தட்டை எடுத்து விடலாம். திட்டும் வேண்டாம், கெஞ்சலும் வேண்டாம். அடுத்த வேளை வரும்.

"எங்க காலத்துல மிரட்டித்தான் வளர்த்தோம்" என்பார்கள் பாட்டிமார்கள். பழைய நிலாச் சோற்றை அவர்களே நினைத்துப் பார்க்கட்டும். முற்றத்தில் அண்ணன், அக்காள், அடுத்த வீட்டுப் பிள்ளைகள் வட்டமாக உட்கார்ந்தார்கள். பாட்டி சோற்றை உருட்டி ஒவ்வொரு கையிலும் வைத்தாள். வாயில் திணிக்கவில்லை. அண்ணன் வாங்கினான் என்று தம்பியும் கையை நீட்டினான். இன்று பிள்ளை தனியாக உட்கார்ந்திருக்கிறது. எதிரே செல்போன். வீட்டார் தங்கள் தட்டோடு அதன் பக்கத்தில் உட்கார்ந்தாலே பாதி வேலை முடிந்தது.

மீதிப் பாதி தகப்பன் வேலை. மாதம் ஒரு முறை பிள்ளையை அங்கன்வாடிக்குத் தூக்கிக் கொண்டு போய் நிறுத்து வர வேண்டும். பெரியம்மா மறுபடி வந்து "நோஞ்சான்" என்று ஆரம்பித்தால், மனைவி வாய் திறப்பதற்கு முன் அவனே அட்டையை எடுத்து நீட்ட வேண்டும்:

"போன மாசத்தை விட 200 கிராம் கூட இருக்கான் பெரியம்மா. நீங்க காப்பி குடிங்க."