பைக்குக்கும் ஒரு வாடிவாசல்



போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மதுரையை அடுத்த மேலூர்ப் பக்கம் உறவினர் வீட்டுக்குப் போயிருந்தேன். காலையில் கண்மாய்க் கரையில் காலாற நடந்தபோது, கரைச் சரிவில் மேலிருந்து கீழாக வரிவரியாக டயர் தடங்கள். புல் பெயர்ந்து செம்மண் தெரிந்தது.

அங்கே ஆடு மேய்த்துக்கொண்டிருந்த அம்மாவிடம் கேட்டேன். “லீவு நாள்ல டவுனுப் பிள்ளைக வந்து வண்டிய ஏத்தி ஏத்தி இறக்குதுக தம்பி. நல்ல பிள்ளைகதான். தண்ணி கேட்டா செம்புல மோந்து குடுப்பேன். ஆனா ஆடு மிரண்டு ஓடுது. மழை பேஞ்சா இந்தக் கரை என்னாகுமோ!” என்றார்.

‘நல்ல பிள்ளைகதான்.’ அந்த வார்த்தை வீடு வரைக்கும் என்னோடு வந்தது.

அந்தப் பிள்ளைகள் யார்? நம் வீட்டுப் பையன்கள்தானே? முதல் சம்பளத்தில் முன்பணம் கட்டி, மாதத் தவணையில் மண் பாதைக்கான பைக் வாங்கியவர்கள். ஆறு நாள் வேலை, ஏழாம் நாள் காலையில் கொஞ்சம் மண், கொஞ்சம் மேடு பள்ளம். இதில் என்ன தப்பு?

தப்பே இல்லை. இது திறமை வேண்டிய விளையாட்டு. 2015-ல் பெங்களூருவைச் சேர்ந்த சி.எஸ். சந்தோஷ், உலகின் மிகக் கடினமான மோட்டார் பந்தயங்களில் ஒன்றான டக்கார் ராலியை முடித்த முதல் இந்தியர் ஆனார். 2024-ல் கேரளத்தின் ஹரித் நோவா அதே டக்காரில் தன் பிரிவில் முதலிடமே பிடித்தார். அவர் ஓட்டியது ஷெர்கோ டி.வி.எஸ். அணிக்காக. டி.வி.எஸ். பிறந்த ஊர் எது? நம் மதுரை. ஆனால் மதுரைப் பையன் ஒருவன் மண்ணில் வண்டி ஓட்டிப் பழக, ‘இங்கே போய் ஓட்டு’ என்று நம்மால் ஓர் இடம் காட்ட முடியுமா?

காட்ட முடியாததால்தான் அவன் கண்மாய்க்குப் போகிறான். கரட்டில் ஏறுகிறான். கேட்டால், “புறம்போக்குதானே” என்கிறான்.

இந்தச் சொல்லை நாம் எல்லோருமே தப்பாகத்தான் புரிந்துவைத்திருக்கிறோம். புறம்போக்கு என்றால் யாருக்கும் சொந்தமில்லாத இடம் அல்ல, எல்லோருக்கும் சொந்தமான இடம். நீர் வற்றிய கண்மாயில் ஆடு மேயும். பொட்டலில் ஆள்காட்டிக் குருவி வெறும் தரையில் கல்லைப் போலவே முட்டையிட்டு வைத்திருக்கும். வேகமாக வரும் வண்டிக்கு அது முட்டை என்று எப்படித் தெரியும்?

கரை விஷயம் இன்னும் பெரியது. கரையைப் பிடித்து வைத்திருப்பது புல்வேர். முள் டயர் அதைப் பெயர்த்துவிட்டால், மழைத்தண்ணீர் அந்தத் தடத்தையே ஓடையாக்கிக்கொள்ளும். ஒரு சாண் தடம் ஒரு முழப் பள்ளமாகும். ஐப்பசியில் கண்மாய் நிறையும்போது அங்கேதான் கரை பலவீனமாக நிற்கும். உடைந்தால் போவது கீழே இருக்கிற வயல், அந்த வயலை நம்பிய வீட்டின் ஒரு வருடச் சாப்பாடு.

மலைகளும் அப்படித்தான். சமணர்மலையிலும் அரிட்டாபட்டியிலும் இருப்பது வெறும் பாறையா? சமணர் படுக்கைகள், 2,000 ஆண்டுகளைக் கடந்த தமிழிக் கல்வெட்டு, சுனைகள், பாறை இடுக்குகளில் கூடு கட்டும் வல்லூறுகள். அரிட்டாபட்டியும் மீனாட்சிபுரமும் சேர்ந்த பகுதி 2022-ல் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமானது. அங்கே டங்ஸ்டன் சுரங்கம் வரப்போகிறது என்றதும், சுற்றுவட்டார மக்கள் கிராம சபைகளில் தீர்மானம் போட்டார்கள், மதுரைக்கு நடந்தே வந்தார்கள். 2025 ஜனவரியில் மத்திய அரசு ஏலத்தை ரத்து செய்தது. சுரங்கத்திடமிருந்து மீட்ட மலையில் டயர் ஏறலாமா? கூடாது. நம் பிள்ளைகளிடம் இதைக் கண்டிப்பாகவே சொல்ல வேண்டும்.

அப்படியானால் எல்லாவற்றுக்கும் பூட்டுப் போட்டுவிடலாமா? அதிலும் எனக்குச் சம்மதமில்லை.

குரங்கணியை நினைத்துப் பாருங்கள். 2018 மார்ச்சில் அந்தத் தேனி மாவட்டத்து மலையில் பரவிய காட்டுத்தீ, மலையேற்றம் போனவர்களில் 23 உயிர்களைக் கொண்டுபோனது. உடனே மலையேற்றப் பாதைகள் மூடப்பட்டன. மூடியது சரிதான். ஆனால் கதை அதோடு முடியவில்லை. அதே ஆண்டு விதிகள் வந்தன. 2024 அக்டோபரில், வனத்துறையே 40 பாதைகளைத் தேர்ந்தெடுத்து, முன்பதிவும் வழிகாட்டிகளும் வைத்துத் திறந்தது. வழிகாட்டிகளாக வருகிறவர்கள் அந்தந்த மலையடிவாரத்து இளைஞர்கள். காட்டுக்கும் பாதுகாப்பு, உள்ளூருக்கும் வருமானம்.

இன்னும் பக்கத்தில் ஓர் உதாரணம் சொல்லட்டுமா? ஜல்லிக்கட்டு. 2014-ல் தடை வந்தது, 2017-ல் சட்டத் திருத்தத்தோடு திரும்பி வந்தது. இன்று கலெக்டர் அனுமதி, இரட்டைத் தடுப்பு, கால்நடை மருத்துவர், ஆம்புலன்ஸ் எல்லாம் இருந்தால்தான் மாடு அவிழும். காளையை நாம் ஊரெல்லாம் அவிழ்த்து விடுவதில்லை. அதற்கு ஒரு நாள் உண்டு, ஒரு களம் உண்டு, ஒரு வாடிவாசல் உண்டு. இளவட்டத்தின் வீரத்துக்கு இடம் ஒதுக்கத் தெரிந்த ஊர் இது. பைக்குக்கு மட்டும் அந்த யோசனை ஏன் வரக் கூடாது?

வண்டிக்கே இப்படி இடம் வகுத்துக் கொடுத்தவர்களும் உண்டு. அமெரிக்காவின் தேசியக் காடுகளில் 2005-ல் ஒரு விதி வந்தது. எந்தப் பாதையில் எந்த வண்டி, எந்தப் பருவத்தில் போகலாம் என்று வரைபடமாகவே போட்டுக் கொடுத்துவிட வேண்டும். வரைபடத்தில் இல்லாத இடத்தில் ஓட்டக் கூடாது. ஓட்டுகிறவருக்கும் குழப்பமில்லை, காவலருக்கும் சண்டையில்லை.

நம் மாவட்டத்துக்கு அவ்வளவு பெரிய ஏற்பாடெல்லாம் வேண்டாம். கண்மாயும் இல்லாத, மலையும் இல்லாத, மேய்ச்சலுக்கும் ஆகாத ஒரு தரிசு போதும். ஊர் சம்மதிக்க வேண்டும். கட்டணம் ஊராட்சிக்குப் போக வேண்டும். ஹெல்மெட்டும் லைசென்ஸும் இல்லாமல் யாரும் உள்ளே வரக் கூடாது. மழைக்காலத்தில் மூடிவிட வேண்டும். வருடத்துக்கு ஆறு முறை கிராம சபை கூடுகிறது. பைக் கிளப் பையன்கள் முதலில் அங்கே போய், கைகட்டி உட்கார்ந்து கேட்கட்டும். நிர்வாகமும் ‘போகாதே’ பலகையை நடுவதற்கு முன்னால், ‘இங்கே வா’ என்று ஓர் இடத்தைக் காட்டட்டும்.

அதுவரைக்கும்? ஏற்கெனவே இருக்கிற வண்டிப்பாதையை விட்டு இறங்காதீர்கள். கரையில் ஏற்றாதீர்கள். காப்புக்காட்டுக்குள் அனுமதியில்லாமல் நுழைவது 1882-ம் ஆண்டுச் சட்டப்படியே குற்றம். ஆட்டு மந்தையைப் பார்த்தால் இன்ஜினை அணைத்து நில்லுங்கள். பெற்றோரே, பையன் கிளம்பும்போது “எப்ப வருவ?” என்பதோடு “எங்க ஓட்டப் போற?” என்றும் கேளுங்கள்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். கண்மாய் யார் பொறுப்பு என்று கேட்டால், 100 ஏக்கருக்கு மேல் பாசனமென்றால் நீர்வளத்துறை, அதற்குக் கீழென்றால் ஊராட்சி ஒன்றியம் என்பார்கள். ஆனால் நாம் பெயர்த்த மண்ணுக்கு நாம்தானே பொறுப்பு? மழை தொடங்குவதற்குள் ஒரு ஞாயிற்றுக்கிழமை, அதே பிள்ளைகள் அதே பைக்கில், பின்சீட்டில் மண்வெட்டியைக் கட்டிக்கொண்டு போகட்டும். ஊர்ப் பெரியவர்களைக் கேட்டு, அந்தத் தடங்களில் மண்ணைப் போட்டு மிதித்து இறுக்கட்டும்.

அந்த அம்மா அன்றைக்கும் செம்பில் தண்ணீர் மோந்து கொடுப்பார். அதை வாங்கிக் குடிக்கும்போது, ‘நல்ல பிள்ளைகதான்’ என்று அவர் சொன்னதற்கு நம் பிள்ளைகள் தகுதியானவர்களாக இருக்க வேண்டும்.

அன்புடன்,
ஆசிரியர்